புகை நின்ற தெரு

எங்கள் ஊரில் காலையில் எழுந்ததும் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக் கூரையைத்தான் பார்ப்போம். புகைபோக்கியில் புகை வந்தால் அந்த வீட்டில் எல்லாரும் சுகம் என்று அர்த்தம். வராவிட்டால், செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டும். யார் போட்ட சட்டமோ, நான் கல்யாணமாகி யூட்டாவின் இந்த வில்லோ ஃபோர்க்குக்கு வந்தபோதே அது இருந்தது. என் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டு வேறொருத்தியோடு அரிசோனாவுக்குக் கிளம்பிப் போனாரே, அன்று காலை நான் அடுப்பு மூட்டவில்லை. தெருவே திரண்டு வந்து கதவைத் தட்டியது. கையில் சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டு வேறு. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் உருளைக்கிழங்கை விடவில்லை, வழித்துத் தின்றேன்.

நான் வெர்லா. இந்தக் கதை என்னுடையது இல்லை, லரூ யெப்சனுடையது. எனக்கு அடுத்த வீடு. தெரு மலையடியில் தொடங்கி ஓடைக்கரையில் முடிகிறது. லரூவின் வீடு ஓடையோரம், கடைசி வீடு. அதற்கு மேலே என்னுடையது. நடுவில் ஒரு வேலியும், என் ஆப்பிள் மரத்தைப் பற்றிய ஒரு பழைய சண்டையும் உண்டு.

லரூ பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவள். ஒல்லியான உடம்பு, பெரிய கை. பேச்சு குறைவு. கேட்டதைக் கொடுப்பாள், தனக்கென்று எதையும் கேட்க மாட்டாள். ஒருமுறை பனியில் அவள் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டது. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் கையசைத்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாளாம், உதவி என்று கேட்க வாய் வராமல். "என்னடி, சும்மா உக்காந்திருக்கேன்னு நெனச்சுட்டுப் போயிட்டாங்க!" என்று என்னிடம் வந்து சொன்னாள். அப்படிப்பட்ட பிறவி.

அவள் கணவர் டிலாய், பால் மாடு வைத்திருந்தவர். வாழ்நாள் முழுக்க உலர்ந்த புல்லின் தூசியை மூச்சில் இழுத்து இழுத்து, நெஞ்சுக்குள்ளேயே ஒரு வைக்கோல் போர் சேர்த்துவிட்டார். மாடுகளை விற்ற பிறகும் அந்தத் தூசி போகவில்லை. கோடையில் சமாளித்துவிடுவார். குளிர்காலம் வந்து மூடி விழுந்தால்தான் ஆபத்து.

மூடி என்றுதான் நாங்கள் சொல்வோம். சுற்றிலும் மலை, நடுவில் பள்ளம். பனி விழுந்து தரை சில்லிட்டுப் போனால் குளிர்ந்த காற்று கீழேயே படுத்துவிடும். அதன் தலைமேல் வெதுவெதுப்பான காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு அடுப்புப் புகை, கார்ப் புகை, மாட்டுக்கொட்டகை நெடி எதுவும் வெளியே போகாது. நாங்கள் விட்டதையே நாங்கள் திரும்ப இழுத்துக்கொண்டு கிடப்போம். புயல் ஒன்று வந்து புரட்டிப் போட்டால்தான் விடுதலை.

அந்த நாட்களில் நேரம் நகராது. காலையும் வெள்ளை, மாலையும் வெள்ளை. நாய் குரைத்தால் எந்தப் பக்கம் என்று தெரியாது. தபால்காரர் வெள்ளைக்குள்ளிருந்து வருவார், பெட்டியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்கும், மறுபடி வெள்ளைக்குள் போய்விடுவார். வேலிக்கு அந்தப் பக்கம் லரூ நடப்பது தெரியும், கால் இருக்காது, தொப்பி மட்டும் மிதந்து போகும். சூரியன் என்று ஒன்று இருந்ததா, இல்லை சின்ன வயதில் யாரோ சொன்ன கதையா என்று தோன்றும். கோபக்காரியான எனக்கே அப்போது கோபம் மெதுவாகத்தான் வரும்.

அந்த வெள்ளைக்குள்தான் லரூ தன் மஞ்சள் வண்டியை ஓட்டிப் போவாள். பாதை கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளின் தொப்பி நிறத்தை வைத்து நிறுத்தம் கண்டுபிடிப்பாள்: சிவப்புக் குல்லாய் வந்தால் பண்ணைத் திருப்பம், ஊதா வந்தால் பாலம். வண்டிக்குள் ஏறியதும் பிள்ளைகள் இருமத் தொடங்குவார்கள். ஒருவன் இன்ஹேலரை எடுப்பான், அதைப் பார்த்து இன்னொருத்தி எடுப்பாள். "முன்னால எல்லாம் பேருந்துல பாட்டு கேக்கும் வெர்லா. இப்ப உஸ் உஸ்னு அதுதான் கேக்குது," என்றாள் ஒருநாள். மூடி விழுந்த நாட்களில் அவளுக்கும் தலைவலி வரும். அதைச் சொல்ல மாட்டாள், இரண்டு விரலால் நெற்றியை அழுத்துவதைப் பார்த்து நான் தெரிந்துகொள்வேன்.

முன்பெல்லாம் அதற்கு அவளிடம் ஒரு மருந்து இருந்தது. ஞாயிறு மத்தியானம் டிலாயைப் பழைய பிக்கப் வண்டியில் ஏற்றி மலைப்பாதையில் மேலே கூட்டிப் போவாள். ஒரு வளைவு வரும். அதுவரை வெள்ளை, வளைவு திரும்பினால் வெயில். தண்ணீருக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டுவதுபோல இருக்கும். ஒருமுறை நானும் கூடப் போனேன். மேலே நீல வானம், பனியில் வெயில் கண்ணைக் குத்துகிறது, கீழே எங்கள் ஊரே இல்லை. மலைக்கு மலை நிரம்பிய வெள்ளை மட்டும் அசையாமல் கிடந்தது. டிலாய் இறங்கி, வண்டியில் சாய்ந்து, நன்றாக ஒரு மூச்சு இழுத்தார்.

"பாத்தியா வெர்லா? நான் கறந்த பால் எல்லாம் இங்கதான் இருக்கு. எங்க போச்சுன்னு இத்தனை நாள் தேடிட்டிருந்தேன்."

"அதுல என் தலையும் மெதக்குதா பாருங்க," என்றேன்.

"உன் தலை மெதக்காது. கனம் ஜாஸ்தி."

லரூ சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான். அதில் அது ஒன்று.

நான் சொல்ல வந்த வருஷம், கிறிஸ்துமஸ் கழிந்ததும் மூடி விழுந்தது, எழுந்திருக்கவே இல்லை. ஜனவரியில் டிலாயின் உதடு நீலம் பாய்ந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வந்தார். சுவரோரம் ஓர் இயந்திரம் இரவும் பகலும் முனகிக்கொண்டே அவருக்கு ஆக்ஸிஜன் ஊட்டியது. படுத்தால் மூச்சு முட்டும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் கண்ணை மூடுவார். லரூ பக்கத்தில் சோபாவில் கிடப்பாள், அவர் இருமலை எண்ணிக்கொண்டு. தூக்கம் என்பதே அந்த வீட்டில் இல்லாமல் போனது. மலைக்குக் கூட்டிப் போகிற நிலையும் தாண்டிவிட்டது.

டாக்டரம்மா லரூவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்: "இன்னொரு தடவ இப்படி வந்தா தாங்க மாட்டார். பள்ளத்தாக்க விட்டு வெளிய கூட்டிட்டுப் போங்க. முடியாதுன்னா, புகை அவர் பக்கமே வரக் கூடாது." தெற்கே பாலைவனத்தில் டிலாயின் தங்கை இருக்கிறாள். போகலாமா என்று லரூ கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு வேலி தாண்டிக் கேட்டது. "அவ வீட்டு நாற்காலியில போய் சாகவா? என் நாற்காலி என்ன பாவம் பண்ணுச்சு?"

ஆக்ஸிஜன் ஓடுகிற வீட்டில் நெருப்பு ஆகாது. லரூ விறகடுப்பை அணைத்தாள். அவள் வீட்டுப் புகைபோக்கி நின்றது.

பிறகு கேட்க வேண்டுமா? புகை நின்ற வீடு, அதிலும் நோயாளி இருக்கிற வீடு. அடுத்த நாளே எங்கள் பிஷப் வெல்டன் ஒரு வண்டி விறகோடு வந்தார். பிஷப் என்றதும் அங்கி, செங்கோல் என்று நினைக்க வேண்டாம். எங்கள் சபையில் முறை வைத்து ஊர்க்காரர் ஒருவர் அந்தப் பொறுப்பைச் சுமப்பார், வெல்டன் டயர் கடைக்காரர். லரூ வாசலில் நின்று, "பிஷப், ஆக்ஸிஜன் ஓடுது, அடுப்பு மூட்டக் கூடாது," என்றாள். "ஆமா சிஸ்டர், தெரியும். இருக்கட்டும், அப்புறமா ஆகும்," என்று சொல்லி அடுக்கிவிட்டுப் போனார். மறுநாள் மெர்ல் வந்தார். தெருவிலேயே வயதில் மூத்தவர், மனைவி போன பிறகு தனியாள், செப்டம்பரில் மலையில் விறகு வெட்டித் தெரு முழுக்கப் பங்கு போடுகிறவர். "டிலாய்க்குன்னு தனியா வெச்சிருந்த மேப்பிள்," என்று அவரும் அடுக்கினார். அடுப்பு எரியாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அன்பு காட்ட வேறு வழி தெரியாது. துக்கமா, விறகு. சந்தோஷமா, விறகு. லரூவின் பக்கவாசல் திறக்க முடியாதபடி விறகு நிறைந்துவிட்டது.

வீட்டுக்கு வீடு நிலவறையில் காஸ் சூடேற்றி இருக்கிறது. ஆனாலும் விறகை எரித்தால்தான் வீடு வீடாக இருக்கும் என்பது எங்கள் நினைப்பு. ரேடியோவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காற்றுக்கு நிறம் சொல்வார்கள். சிவப்பு நாளில் பிள்ளைகளை மைதானத்தில் விடக் கூடாது, விறகு எரிக்கக் கூடாது. பிள்ளைகளை விட மாட்டோம். விறகு விஷயத்தில் எங்கள் தெருவுக்குக் காது கேட்காது. வெளியே எவ்வளவுக்கு வெள்ளையோ, உள்ளே அவ்வளவுக்கு விறகு.

ஒருநாள் சாயங்காலம் லரூ என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றவில்லை. கண் எங்கேயோ இருந்தது.

"காலைல மேட்டுப் பண்ணைப் பிள்ளைய ஏத்த மேல போனேனா? அங்க கொஞ்சம் தெளிஞ்சிருந்துது. திரும்பிப் பாத்தேன், நம்ம தெரு முழுசா தெரிஞ்சுது. கனவு மாதிரி இருந்துது வெர்லா. ஒவ்வொரு வீட்டுப் புகையும் கூரைக்கு மேல ஒரு ஆள் உசரம் எழும்புது. அப்புறம் எழும்ப முடியாம படுத்துக்குது. படுத்து, தண்ணி மாதிரி தெருவோட சரிவுல மெதுவா எறங்குது. மெர்ல் வீட்டுது எறங்கி பிஷப் வீட்டுதோட சேருது, அது எறங்கி உன்னுதோட சேருது..."

"அப்புறம்?"

"அப்புறம் ஓடைக்கரைல வந்து நின்னுடுது. போக எடம் இல்ல. எங்க வீட்டச் சுத்தி நிக்குது. புகை வராத கூரை எங்களுதுதான், ஆனா அதுதான் கண்ணுக்கே தெரியல."

அந்தப் பிள்ளை ஏறிய பிறகும் அவள் வண்டியை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். பின்னாலிருந்து ஒரு குழந்தை, "மிஸஸ் யெப்சன், நாம போகலையா?" என்று கேட்ட பிறகுதான் நினைவு வந்ததாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப சொல்ல வேண்டியதுதான? போய் ஒவ்வொரு வீடா கேளு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"எப்படிடி கேப்பேன்? எல்லாம் நமக்காகப் பாத்துப் பாத்துச் செய்யறவங்க. அவங்க அடுப்ப அணைன்னு சொன்னா, உன் அன்பு எனக்கு வேணாம்னு சொல்ற மாதிரி இல்லையா?"

"அன்பாவது மண்ணாவது. உன் புருஷன் மூச்சுக்குத் தவிக்கிறான்."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் முதுகுக்குப் பின்னால் என் அடுப்பு சடசடவென்று எரிவது எனக்கே கேட்டது. அவள் வீட்டு ஜன்னலுக்கு மிகப் பக்கத்துப் புகை என்னுடையது. அவள் அதைப் பார்க்கவுமில்லை, கேட்கவுமில்லை. அந்தப் பார்க்காமைதான் என்னைக் கொன்றது.

எனக்கு அடுப்பை அணைப்பதில் தனிச் சங்கடம் ஒன்று இருந்தது. எங்கள் சபையில் காப்பி ஆகாது. ஊரே சூடான சாக்லேட் குடிக்கும். நான் மட்டும் காலையில் காப்பி போடுவேன். விறகுப் புகை இருக்கிறவரை அந்த மணம் வெளியே தெரியாது. புகை நின்றால் என் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும். எதையாவது சொல்லி மழுப்பலாம் என்று, "எனக்குக் குளிர் ஒத்துக்காது, அதான்..." என்று இழுத்தேன்.

லரூ அன்று முதல்முறையாக லேசாகச் சிரித்தாள். "உன் காப்பி வாசன எனக்குப் பல வருஷமா தெரியும் வெர்லா. டிலாய்க்கும் தெரியும். சூப்புன்னு சொல்லிப்போம்."

அன்றே நான் என் அடுப்பை அணைத்தேன். ஆனால் ஓர் அடுப்பால் என்ன ஆகும்? மேலேயிருந்து தெருப் புகை முழுக்க இறங்கிக்கொண்டுதான் இருந்தது. டிலாயின் இருமல் வேலியைத் தாண்டி வந்துகொண்டுதான் இருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் சபையில் உபவாச நாள். காலையிலிருந்து சாப்பிடாமல் எல்லாரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு மனசில் என்ன இருக்கிறதோ, அவர்களாகவே எழுந்து மேடைக்குப் போய்ச் சொல்லலாம். பெரும்பாலும் நன்றி சொல்வார்கள், அழுவார்கள், இறங்குவார்கள். காப்பி குடித்துவிட்டு அங்கே வந்து உட்காருகிற ஒரே ஆள் நான். பாட்டுக்காகப் போவேன், யார் எப்படி அழுகிறார்கள் என்று பார்க்கவும்தான், பொய் சொல்வானேன்.

அன்று லரூ எழுந்தாள். மண்டபமே நிமிர்ந்தது. அத்தனை வருஷத்தில் அவள் அந்த மேடை ஏறியதில்லை. மைக்கைத் தன் பெரிய கையால் வண்டி ஸ்டியரிங்போல இறுகப் பிடித்தாள்.

"எல்லாரும் விறகு குடுத்தீங்க. நல்லாருப்பீங்க. இப்ப என் பக்கவாசல் தொறக்க மாட்டேங்குது, அவ்வளவு விறகு."

சிரித்தார்கள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்தார்கள் சிலர்.

"டிலாய் உக்காந்துட்டேதான் தூங்கறார். தூங்கறார்னு சொல்றது பொய், கண்ண மூடறார். அந்த நேரத்துல கனவும் வருது அவருக்கு. பால் ஏரிக்கு அடில நடந்து போறாராம், மேல வர்ற வழி தெரியலையாம். நேத்து கண்ணத் தொறந்து கேட்டார், 'லரூ, எல்லாரும் எனக்காக ஜெபம் பண்றாங்களே, அந்த ஜெபம்தான் புகையா வந்து ஜன்னல்ல நிக்குதா?'ன்னு."

கைக்குட்டைகள் அப்படியே நின்றன.

"எனக்குக் கேட்டுப் பழக்கமில்ல. இத்தன நாளா வாய் வரல. இப்ப கேக்கறேன். அடுப்ப அணைச்சிடுங்க. புயல் வர்ற வரைக்கும். நம்ம தெருப் புகையெல்லாம் எறங்கி எங்க வீட்லதான் நிக்குது, நான் கண்ணால பாத்தேன். என் புருஷனுக்கு மூச்சு விடணும். அவ்வளவுதான்."

பட்டினி வயிறுகள் உறுமுவது கேட்டது, அவ்வளவு அமைதி. வெல்டன் தரையைப் பார்த்தார். பக்கவாசலை அடைத்த விறகில் பாதி அவருடையது. பிறகு பின்வரிசையிலிருந்து மெர்ல் எழுந்தார், தடியை ஊன்றிக்கொண்டு.

"அணைக்கலாம்மா லரூ. எனக்கும் காஸ் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லு. காலைல யாரு உசுரோட இருக்கா, யாரு இல்லன்னு அப்புறம் எப்படித் தெரியும்? நான் தனி ஆளு. நான் செத்துக் கெடந்தா நாறுனப்புறம்தான் வருவீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. தனியாக இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் இருந்தது. இத்தனை நாள் நாங்கள் எரித்த விறகில் பாதி குளிருக்காக இல்லை, அந்தப் பயத்துக்காகத்தான்.

லரூ மெர்லை நேராகப் பார்த்தாள். "திரை," என்றாள். "முன் ஜன்னல் திரை. எழுந்ததும் தூக்கி விடுங்க. தூக்கலன்னா நாங்க வந்து தட்டறோம். உங்க கதவ நானே தட்டறேன் மெர்ல்."

மெர்ல் உட்கார்ந்தார். வெல்டன், "ஆமென்," என்றார். கூட்டம் முழுக்க, "ஆமென்," என்றது. கடவுள் நம்பிக்கையில் அரைகுறையான நானும் சொன்னேன்.

அன்று பொழுது சாயச்சாயத் தெருவில் ஒவ்வொரு புகைபோக்கியாக நின்றது. ஜன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் மேட்டு வீடுகள், பிறகு மெர்ல், கடைசியாகப் பிஷப் வீட்டுப் பெரிய புகைபோக்கி. கடைசி இழை மேலே போகாமல் கூரையில் தயங்கிக் கொஞ்சம் நின்று கரைந்தது. தெருவில் ஒரு சத்தம் இல்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து குளிர்காலத்தில் மனிதர்கள் அடுப்பை அணைத்து நான் பார்த்ததில்லை. ஏதோ ஒரு பெரிய மிருகம் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பதுபோல எங்கள் தெரு படுத்திருந்தது.

மறுநாள் காலை எழுந்து, பழக்கத்தில் கூரைகளைப் பார்த்தேன். ஒன்றிலும் புகை இல்லை. ஐயோ, எல்லாரும் போய்விட்டார்களா என்று ஒரு கணம் பதறிவிட்டேன். பிறகு ஜன்னல்களைப் பார்த்தேன். திரைகள் தூக்கியிருந்தன. லரூவின் திரை எல்லாருக்கும் முன்னால், தூங்காதவள் அல்லவா.

அந்த வாரம் முழுக்க ரேடியோ சிவப்பு என்றுதான் சொன்னது. பள்ளத்தாக்கு பெரியது, நாங்கள் ஒரு தெரு. ஆனால் ஓடைக்கரையில் நின்ற மஞ்சள் புகையழுக்கு மெல்ல இளகியது. லரூ வீட்டைச் சுற்றி வெறும் வெள்ளை மட்டும் நின்றது. பனிக்கு ஒரு மணம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருமல் இருந்தது, ஆனால் நடுநடுவே இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளிகளில் நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன்.

சனிக்கிழமை வந்தது. பள்ளிக்கூடம் இல்லை. காப்பியைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன்.

லரூவின் திரை இறங்கியிருந்தது.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். விடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. எழுந்திருக்காமல் இருப்பவளே இல்லை அவள். எனக்குக் கால் தன்னால் நடந்தது. வாசலுக்கு வந்தால், மேலேயிருந்து வெல்டன் வெறும் காலுறையோடு பனியில் ஓடி வருகிறார். பின்னால் மெர்ல், தடியோடு, இரவுடையின் மேல் கோட்டு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர், இருவர். யாரும் யாரையும் பார்த்துப் பேசவில்லை. எல்லார் முகத்திலும் டிலாய்தான் இருந்தார்.

வெல்டன் கதவைத் தட்டினார். பதில் இல்லை. கையை முஷ்டியாக்கி இடித்தார். நான் போட்ட சத்தம் மலையடிவரை கேட்டிருக்கும்: "லரூ! அடியே லரூ!"

கதவு திறந்தது. லரூ நின்றாள். தலைமுடி ஒரு பக்கம், கன்னத்தில் தலையணை மடிப்பு.

"என்ன? யாருக்கு என்ன ஆச்சு?"

"உன் திரை!" என்றார் மெர்ல். மூச்சு வாங்கியது அவருக்கு.

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு எங்களை. "தூங்கிட்டேன்," என்றாள், தான் சொல்வது தனக்கே நம்பிக்கையில்லாததுபோல. "ராத்திரி முழுக்கத் தூங்கிட்டேன். அவர் இருமவே இல்ல, அதான் எனக்கு முழிப்பே..."

சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். அவள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். அவர் ஏன் இருமவில்லை? உள்ளே ஓடினாள். எங்களில் ஒருவருக்கும் உள்ளே போகத் துணிவில்லை. உள்ளே அந்த இயந்திரம் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. வெல்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

"கதவச் சாத்துங்கப்பா, குளிருது!"

டிலாயின் குரல். கரகரப்பு இருந்தது, ஆனால் முழுசாக ஒரே மூச்சில் வந்தது. மெர்ல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையைத் தூக்கியபோதுதான் காப்பிக் கோப்பை இன்னும் கையிலேயே இருப்பது தெரிந்தது. எங்கள் தெருவில் அன்று காலை மேலே எழுந்த ஒரே புகை அந்தக் கோப்பையின் ஆவிதான். எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிஷப்பும் பார்த்தார்.

"சூப்பு," என்றேன்.

"ஆமா சிஸ்டர், ஆறிடப் போவுது," என்றார் வெல்டன்.

உள்ளேயிருந்து டிலாய் மறுபடி பேசினார். "லரூ... அது என்ன வாசன? வெர்லா வீட்டுக் காப்பியா?"

லரூ வாசலுக்கு வந்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "அவருக்கு வாசன தெரியுது," என்றாள் எங்களிடம். "கிறிஸ்துமஸ்லேருந்து அவருக்கு ஒரு வாசனயும் தெரியல. வாசன தெரியுது வெர்லா!"

"அந்தக் கழுதைய ஒரு வாய் கொண்டாரச் சொல்லு," என்றது உள்ளேயிருந்து குரல். "சாகறதுக்குள்ள ஒரு தடவ குடிச்சுப் பாத்துடறேன். பிஷப் அங்கயே இருந்தா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கட்டும்."

வெல்டன் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வீட்டுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவரைப் பார்த்து மெர்ல் தடியை ஊன்றி எழுந்து திரும்பினார். அப்புறம் ஒவ்வொருவராக மொத்தத் தெருவும் திரும்பி நின்றது, பனியில் கால் விறைக்க, புகை வராத தங்கள் கூரைகளைப் பார்த்துக்கொண்டு.

நான் உள்ளே போனேன். அவர் இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி, ஆவியை மூக்கால் நீளமாக இழுத்தார். இருமல் வரவில்லை. ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"இந்தக் கசப்புக்கா இத்தன வருஷம் ஒளிச்சு வெச்சு நாடகமாடினே?" என்றார்.

வெளியே எல்லாருக்கும் அது கேட்டது. ஒருவர்கூடத் திரும்பவில்லை.